விரலா, வயரா?

சார்ஜரை எடுக்கத்தான் அக்கா அறைக்குள் போனேன். போனதால் அவள் பிழைத்தாள். முகம் நீலம் பாய்ந்து, கண்கள் பிதுங்கி, தொண்டையில் மூச்சுக்காகப் பொருத்தியிருந்த குழாயில் சளி அடைத்துக் கொரகொரவென்று கிடந்தாள். உறிஞ்சும் மெஷினைப் போட்டு இழுத்து, அவள் மூச்சு சீராகிற வரை என் உயிர் என்னிடத்தில் இல்லை.

கழுத்துக்குக் கீழே அக்காவுக்கு அசைவது வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். பேச்சும் கிடையாது. அந்த விரலுக்கடியில் ஒரு பட்டன். அதன் யு.எஸ்.பி. வயர் கட்டிலோரத்துச் சின்னக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். லினக்ஸ் போட்டு அதைச் செய்து வைத்தவன் நான். ஊரிலுள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் பார்த்துப் பிழைக்கிற மகா மேதாவி!

"அழுத்துனியாக்கா?"

கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம் என்று அர்த்தம். இல்லையென்றால் பார்வை மேலே போகும்.

வழக்கம்போல வயரைப் பிடுங்கிச் செருகினேன். எங்கள் வீட்டில் டிவி, இன்டர்நெட், எது மக்கர் பண்ணினாலும் இதுதான் முதலுதவி. "இப்ப அழுத்து" என்றேன். மணி கணீரென்று அடித்தது. சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அத்தான் கத்தியோடு ஓடி வந்தார்.

"நல்லாத்தானேடா அடிக்குது?"

"அதான் பயமா இருக்கு."

போன வாரமும் இதே கதைதான். வயரை மாற்றினேன், செருகும் துளையை மாற்றினேன். மாற்றிய உடனே அடிக்கும். பிறகு எப்போதாவது அடிக்காது.

அத்தான் என்னை அறைக்கு வெளியே இழுத்துப் போய்க் குசுகுசுத்தார்.

"டாக்டர் சொன்னாரே... என்னிக்காவது அந்த விரலும் நின்னுடும்னு."

"வாயைக் கழுவுங்க அத்தான்!"

"அவ அழுத்துறதா நெனைக்கிறா. விரல் அசைய மாட்டேங்குதோ என்னவோ."

அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் எனக்கும் அதே நினைப்புதான். விரல் போய்விட்டால் மூச்சு முட்டும்போது அவள் யாரைக் கூப்பிடுவாள்? எப்படிக் கூப்பிடுவாள்?

"இனி யாரும் வயரைத் தொடக் கூடாது. தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். எதையும் பிடுங்காமல், எதையும் செருகாமல் சும்மா இருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. அத்தான் சுவரில் சாய்ந்து நின்றார். வெகுநேரம் கழித்து, பட்டனுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, "அழுத்துக்கா" என்றேன். சொல்லும்போதே, வேண்டாம், தெரியாமலே இருக்கட்டும் என்று தோன்றியது.

விரல் துடித்தது. இறங்கியது. பட்டன் அமுங்கியது. மணி அடிக்கவில்லை.

"அமுங்குச்சு அத்தான்! கண்ணால பாத்தேன்! மணிதான் அடிக்கல!"

அடிக்காத மணிக்காக இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

அதற்குப் பிறகு காரணத்தைப் பிடிக்க நேரமாகவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, கொஞ்ச நேரம் சும்மா இருந்த பட்டனைக் கம்ப்யூட்டர் தூங்க வைத்துவிடுகிறது. தூங்கின பட்டன், அழுத்தினால் எழுந்திருப்பதில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினால் எழுந்துவிடும். ஆக, ஒவ்வொரு தடவையும் நானே அதை எழுப்பிவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பியிருக்கிறேன். அட மடையா! இந்தப் பட்டனை மட்டும் எப்போதும் விழித்தே வைத்திரு என்று ஒரு கட்டளை எழுதி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அது நிலைக்கும்படி செய்தேன். மறுபடி வெகுநேரம் காத்திருந்தோம். அழுத்தினாள். அடித்தது.

நிம்மதியாகச் சமையலறைக்குப் போனோம். மணி அடித்தது. விழுந்தடித்து ஓடினோம்.

"சளியா?" பார்வை மேலே போனது. "தாகமா?" மறுபடியும் மேலே.

திரும்பினோம். மணி.

"என்னக்கா, விளையாடுறியா?" என்றேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

அத்தான் என்னை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுக்கு முன்னாடியும் நீ கூப்பிட்டு நாங்க வராம இருந்திருக்கோமாம்மா?"

கண்ணை மூடித் திறந்தாள்.

"நிறைய தடவையா?"

மூடினாள். இந்த முறை திறக்கவில்லை. இரண்டு பக்கமும் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"கூப்பிடுக்கா. சும்மாவே கூப்பிடு. வர்றோம்."

துடைத்துவிட்டு எழுந்தோம். அறை வாசலைக்கூடத் தாண்டவில்லை, மணி அடித்தது. இரண்டு பேரும் திரும்பி ஓடினோம்.