நீலப் பாய்க்கு வெளியே

ஜெயபாலோடு நான் பேசுவதில்லை. பேசியது ஒரே ஒரு சனிக்கிழமை, அன்றோடு சரி.

என் தம்பி சபரிநாதன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் மனைவி மீனாவும் பன்னிரண்டு வயது மகள் சுவேதாவும் மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பரம்பரை வீட்டில், என் பொறுப்பில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்களின் குரல் வாசல் தாண்டிக் கேட்டதில்லை. சுவேதா அதற்கும் ஒரு படி மேல். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். வளர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வந்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் பெருமைதான்.

புரட்டாசியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் பத்தொன்பது நாள் அவள் வகுப்புக்கு வரவில்லையாம். பள்ளிக்கூடம் என்று கிளம்பிய பெண் எங்கே போனாள்? கூடத்தில் நிறுத்திக் கேட்டேன். அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நானே போனேன். ஆசிரியை எழில்மொழி வகுப்பிலேயே வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். சுவேதாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து நின்று, "டீச்சர், இவ தினமும் வர்றா. பேர் கூப்பிட்டா இவ சொல்றது உங்களுக்குக் கேக்கல" என்றது.

பதிவைத் திருத்தினார்கள். குடும்பப் பேர் தப்பியது. எனக்கு அதோடு விஷயம் முடிந்தது. மீனாவுக்கு முடியவில்லை. ஐப்பசியில், டியூஷன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடக்கும் கராத்தே வகுப்பில் பெண்ணைச் சேர்த்துவிட்டாள்.

அங்கே சொல்லித் தருகிறவன்தான் ஜெயபால். அவன் அப்பாவைப் பெற்ற காத்தாயி எங்கள் வயலில் நாற்று நட்டவள். கூலிக்குக் கொல்லைப்புறம் வந்து நிற்பாள். நாங்கள் கூப்பிட்டதும் இல்லை, அவள் உள்ளே வந்ததும் இல்லை. அவர்கள் ஆட்கள் எங்கள் தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அது அந்தக் காலம். நான் போட்ட சட்டம் இல்லை.

எனக்குத் தெரிய வந்தது தை மாதம், சம்பா நெல் மூட்டை லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது. சமுதாயக் கூடத்திலிருந்து பிள்ளைகளின் கத்தல் கேட்டது. லாரிக்காரர் மீரா சாகிப் காதைத் தீட்டிக்கொண்டு சிரித்தார்.

"தனியா கேக்குது பாருங்க, அது நம்ம சுவேதா பாப்பாதானே? எம் மகளும் அங்கதான் பழகுது. நல்ல தொண்டைங்க!"

மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

கூடம் முழுக்க நீல ரப்பர் பாய் விரித்திருந்தது. வெள்ளை உடுப்பில் இருபது பிள்ளைகள். சுவேதா முன்வரிசையில் நின்றாள். ஜெயபால் கைகூப்பினான்.

"வாங்க ஐயா. பாய் மேல வர்றதுன்னா செருப்பை மட்டும் கழட்டிட்டு வாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று தலைமுறை காத்திருந்து பழி தீர்க்கிறான்.

"யாரைப் பார்த்துச் செருப்பைக் கழட்டச் சொல்றே? குனிஞ்சு நாத்து நட்ட குடும்பம், எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்னத்தைடா சொல்லித் தரப் போவுது?"

அவன் குரலை உயர்த்தவில்லை. "குனியறது எங்க அப்பாயியோட போவட்டுங்க. நான் நிமிந்து நிக்கத்தான் சொல்லித் தர்றேன். உங்க வீட்டுப் பொண்ணு முதல் மாசம் தலையையே தூக்கல."

"சுவேதா, கிளம்பு!"

செருப்போடு பாய் மேல் காலை வைத்தேன்.

அவள் வந்தாள். ஓடி ஒளிகிற பெண், நடந்து வந்து எனக்கு நேர் எதிரே நின்றாள்.

"பெரியப்பா, செருப்பைக் கழட்டுங்க. இல்லன்னா கீழ இறங்குங்க. நாங்க இதுலதான் விழறோம், உருள்றோம்."

"யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"உங்ககிட்டதான். அந்தப் பத்தொன்பது நாளும் நான் பள்ளிக்கூடத்துலதான் இருந்தேன் பெரியப்பா. அன்னிக்கு நீங்க கேட்டப்ப சொல்ல வரல. இப்ப சொல்றேன். வகுப்பு முடிய இன்னும் அரை மணி இருக்கு. முடிஞ்சதும் வர்றேன்."

குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வரிசைப் பிள்ளை வரைக்கும் கேட்டது. சொல்லிவிட்டு அவள் நகரவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை.

காலைப் பின்னால் எடுத்தேன். அவள் சொன்னதற்காக இல்லை. ஊர்ப் பிள்ளைகள் நடுவில் வீட்டுப் பெண்ணோடு மல்லுக்கு நிற்பது எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை. வெளியே வரும்போது பார்த்தேன், சுவரோரம் செருப்பெல்லாம் வரிசையாகக் கிடந்தன. பிள்ளைகளுடையவை, கொண்டுவந்து விட்ட பெற்றோருடையவை. எல்லாவற்றுக்கும் முதலில் ஜெயபாலின் தேய்ந்த செருப்பு. சரி, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். இருக்கட்டும். அவன் அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

பெண்ணை விட்டுவிட்டுத் திரும்பினால் ஊர் சிரிக்கும். வாசலிலேயே நின்றேன். ஜெயபால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான்.

"உட்காருங்க ஐயா."

"எடுத்துட்டுப் போ."

அவன் எடுக்கவில்லை. நான் உட்காரவும் இல்லை.

திரும்பும் வழியில் சுவேதா எனக்குப் பின்னால் வரவில்லை, பக்கத்தில் நடந்தாள்.

"இனிமே அந்தப் பக்கம் போனே, காலை ஒடிச்சுடுவேன்."

"செவ்வாயும் சனியும் போவேன் பெரியப்பா. ஊர் பேசும்னு பயமா இருந்தா நீங்களே கொண்டாந்து விடுங்க."

"பயமா? எனக்கா?"

செவ்வாயும் சனியும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். பயந்துகொண்டு அல்ல. எங்கள் வீட்டுப் பெண் தனியாகப் போனாள் என்று ஒருவன் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து அதற்குப் பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. வாசலில் அந்த நாற்காலி ஒவ்வொரு முறையும் கிடக்கிறது. ஜெயபால் உள்ளே கூப்பிடுகிறான். நான் பதில் சொல்வதில்லை. செருப்பு காலிலேயே இருக்க, வகுப்பு முடியும்வரை வெயிலில் வெளியே நிற்கிறேன்.

மீரா சாகிப் சொன்னது பொய்யில்லை. நல்ல தொண்டைதான். அதை ஜெயபாலிடம் நான் சொல்லப் போவதில்லை.