ஒப்பிடுவதற்கு ஒரு கை

மருந்து ஏற்றும் அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் பார்லர் அக்கா முதல் காரியமாக இடது கையை நீட்டினாள்.

"இன்னிக்கு இந்தக் கைக்கு மாட்டு."

நர்ஸ் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையுறையோடு முழித்தாள். குத்துச்சண்டைக்காரர்கள் போட்டுக்கொள்வதுபோலப் பருத்த உறை, உள்ளே உறைந்த ஜெல். புற்றுநோய்க்கு ஏற்றுகிற மருந்து கட்டியோடு நிற்பதில்லை, விரல் நுனி நரம்புகளையும் தின்றுவிடுகிறது. மருந்து இறங்கும் நேரம் முழுக்க விரல்களைக் குளிரவைத்தால், அங்கே ரத்த ஓட்டம் குறைந்து நரம்பு தப்புமா என்று இங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் மட்டும் உறை. மற்றது வெறுங்கை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

"உங்களுக்கு வலது கைதானேக்கா? மாத்தக் கூடாது."

"வலது கைன்னு யார் சொன்னா?"

"நீங்கதான். எந்தக் கையால எழுதுவீங்கன்னு முதல் நாளே கேட்டேனே?"

கேட்டாள்தான். யாரிடம் கேட்டாள்? நோயின் பெயரைக் கேட்டுத் தலை சுற்றி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள். பார்லர் அக்கா பிறவியிலேயே இடதுகைக்காரி. சின்ன வயதில் அவள் அம்மா முதுகில் நாலு வைத்துச் சோற்றுக்கும் பென்சிலுக்கும் வலது கையைப் பழக்கிவிட்டாள். கத்தரிக்கோலைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது தன்பாட்டுக்கு இடது கைக்குப் போய்விட்டது. வலது கை என்ன பெரிதாக எழுதிக் கிழித்தது? கடைக்கு வாங்க வேண்டிய ஷாம்பூவின் பெயரும் ஒரு கையெழுத்தும்தான். குடும்பம் ஓடுவது இடது கையில்.

அந்தக் கைதான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் ஒருத்தியின் காதோரம் முடி வெட்டும்போது கத்தரிக்கோல் விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போனால் அதே விரல்கள் மிளகாய் அரைத்ததுபோல் எரிந்தன. வலது கைக்கு ஒரு கேடும் இல்லை, கல்லுக்குண்டாட்டம் இருந்தது.

நர்ஸ் போய் ஆராய்ச்சி டாக்டரைக் கூட்டிவந்தாள். சின்ன வயது, நல்ல மரியாதை.

"ஒரே உடம்பு, ஒரே மருந்து. ஒரு கைக்குக் குளிர் உண்டு, ஒரு கைக்கு இல்ல. இதைவிடச் சரியா ஒப்பிடவே முடியாதும்மா. நடுவுல மாத்தினா உங்க கணக்கே வீணாயிடும்."

"என் கை வீணாப் போகுதே, அது பரவாயில்லையா?"

"ரெண்டு கைக்கும் மாட்டிவிட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள் கூட வந்திருந்த நாத்தனார்.

"அப்ப எதோட ஒப்பிடறது?" என்று கேட்டார் டாக்டர். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பார்லர் அக்கா அவரையே பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதுவரைக்கும் உங்ககிட்ட வந்தவங்களுக்கு உறை போட்ட கை நல்லா இருக்கா, இல்லையா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுது. ஆனா நிரூபிச்சாத்தான் எல்லா ஆஸ்பத்திரியிலயும் குடுப்பாங்க. அதுக்கு இன்னும் நிறைய பேர் வேணும்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்துகொண்டே ஒரு கையைப் பட்டினி போட்டுவிட்டு எவ்வளவு பணிவாகப் பேசுகிறார்!

"அப்ப நான் விலகிக்கறேன்."

"தாராளமா விலகலாம். உங்க சிகிச்சை நிக்காது. ஆனா கையுறை ஆராய்ச்சியோடது. விலகிட்டா வலது கைக்கும் கிடையாது."

நன்றாக இருக்கிறது நியாயம். ஆராய்ச்சியில் இருந்தால் எழுதும் கை பிழைக்கும், பிழைக்கும் வழி போகும். விலகினால் இரண்டு கையுமே போகும். அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"அதுக்குள்ள என்ன அமிர்தமா வச்சிருக்கீங்க? குளிர்தானே? குளிர்ச்சி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? அடியே, கீழ ஜூஸ் கடையில ஐஸ் கேட்டு வாங்கிட்டு வா!"

"இதோ அண்ணி!" நாத்தனார் படி இறங்கியாயிற்று.

டாக்டர் பதறினார். ஐஸை அப்படியே வைத்தால் தோல் வெந்துவிடும், துண்டில் சுற்ற வேண்டும், அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "பாத்துக்கத்தான் நீங்க இருக்கீங்களே" என்றாள் அவள். விலகுவதற்கான தாளில் கிறுக்கிக் கொடுத்தாள். அப்போதும் அவர் நகரவில்லை.

"இதுவரைக்கும் எடுத்த கணக்கையாவது நாங்க வச்சுக்கலாமா?"

நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள் பார்லர் அக்கா. "வச்சுக்கோங்க. ஆனா எழுதற கையைக் கேட்டோம், சம்பாதிக்கற கையைக் கேக்கலன்னு அதையும் சேர்த்து எழுதுங்க."

ஐஸ் இரண்டு பையில் வந்தது. நர்ஸ் துண்டுகளைக் கொண்டுவந்து சுற்றிக் கொடுத்துவிட்டு, நெஞ்சில் பதித்திருந்த குழாயில் மருந்தை இணைத்தாள். உடனே அடுத்த நோயாளி கூப்பிட, அங்கே ஓடினாள். வலது கைப் பையை நாத்தனார் பிடித்துக்கொண்டாள். இடது கைப் பை நிற்கவில்லை. விரல்களுக்குப் பிடிப்பு இல்லாததால் வழுக்கி வழுக்கி மடியில் விழுந்தது.

டாக்டர் காலி உறையோடு நின்றுகொண்டிருந்தார்.

"சும்மாதானே நிக்கறீங்க? வந்து இதைப் பிடிங்க."

அவருக்கு என்ன தோன்றியதோ, உறையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் இடது கையைப் பையோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் நெளிந்தார். ஒரு கையை எடுத்து உதறிவிட்டு மறுபடி வைத்தார்.

"மரத்துப் போச்சும்மா. விரல் இருக்கற மாதிரியே தெரியல."

"உங்களுக்குச் சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்துடும் தம்பி," என்றாள் பார்லர் அக்கா. "விடாம பிடிங்க."