பழைய கோயிலின் கிழக்கு

"கிழக்கு தெரியணும்னா நம்ம சபைக்கோயிலப் பாத்தாப் போதும்" என்று சிஜுவிடம் அடித்துச் சொன்னவள் நான்தான். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

கல்லூரி நாட்களில் நான், சிஜு, ராபின்சன் மூவரும் சேர்ந்து ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்தோம். பருப்புவடை எண்ணெய்க் கையோடு அதன் டிரான்ஸ்மிட்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்தவன் ராபின்சன். அதற்கு வாங்கிய திட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். அது மேலே போய்ச் சில மாதங்களில் ஊமையானது. நானும் ராபின்சனும் கல்யாணம் செய்துகொண்டோம். போன வருடம் அவன் மஸ்கட்டில் மாரடைப்பில் போய்விட்டான்.

பேட்டரி செத்த கோள்கள் சில சமயம் வெயில் பட்டதும் மறுபடி பேசும். நம் கோளின் அலைவரிசையில் மெலிதாக ஒரு கீச்சொலி கேட்பதாக சிஜு சொன்னான். அதே அலைவரிசையில் வேறு கோள்களும் உண்டு. எது என்று அறிய, அது வானில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

பாறசாலையில் என் வீட்டு மாடியில் நாலு ஆண்டெனாக்களைச் சதுரமாக நட்டோம். சிக்னல் நாலுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேராது. அந்த முன்பின்னை வைத்துத் திசை கிடைக்கும். தகரக் கூரையருகே போனின் திசைகாட்டி கிறுக்குப் பிடித்துச் சுற்றியதால், எதிரே தெரிந்த சர்ச் கோயிலின் பீடம் எப்போதும் கிழக்கில்தான் இருக்கும் என்று நம்பி, அதை வைத்துக் கிழக்கைக் குறித்தோம்.

"நம்மளது போற வழி இது இல்ல, ஜினி. இது வேற எதோ" என்றான் சிஜு, திரையில் விழுந்த புள்ளிகளைப் பார்த்து.

"அப்போ நிறுத்து. கண்டவனுக்க சத்தம் எனக்கு எதுக்கு?" எனக்கு ராபின்சன் மேலேயே கோபம் வந்தது.

ஞாயிறு ஆராதனையில் காலை வெயில் பீடத்து ஜன்னல் வழியே சாய்வாக வந்து என் கண்ணில் அடித்தது. முன்பெல்லாம் பெஞ்சுகளின் நடுவழியில் நேராக விழும். கமிட்டிக்கார ரெத்தினதாஸ் அண்ணனிடம் கேட்டேன்.

"ரோட்டுக்கு அகலம் கூட்டினப்போ பழசை இடிச்சோமில்லியா? புதுசை ரோட்டுக்கு நேரா கொஞ்சம் திருப்பியாக்கும் கெட்டினது."

எங்கள் கல்யாணம் நடந்தது பழைய கோயிலில். என் மனதில் இன்னும் அதுதான் நின்றுகொண்டிருந்தது.

சிஜு கோணத்தைத் திருத்தினான். புள்ளிகள் எல்லாம் கோளின் பாதையிலேயே விழுந்தன. "நம்மளதாக்கும், ஜினி!" அடுத்த முறை அது தலைக்கு மேலே கடந்தபோது ஸ்பீக்கரில் அந்தக் கீச்சொலி வந்தது. ராபின்சனின் கைவேலை. வாய்விட்டு அழுதேன்.

சிஜு கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "இடம் கிட்டினதுனால இன்னொண்ணும் தெரியுது. ரெம்பத் தாழ வந்தாச்சு. இந்த வாரமே எரிஞ்சு போவும்."

ஆண்டெனாவைக் கழற்றட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம் மக்கா. மஸ்கட்டுக்கு நான் போய்ச் சேரல்ல. இது போறப்பவாவது கூட இருக்கேன்."