ஐந்நூறாம் எண்ணில் இரண்டு பேர்

எங்கள் முதலாளி எதிர்த் தெருவில் இருந்த கட்டட வரைபட அலுவலகத்தை விலைக்கு வாங்கியபோது மேசை, நாற்காலி, காபி இயந்திரத்தோடு என் நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். அங்கே யூனிக்ஸில் ஓடும் கணினிகளை மேய்த்தவள் அவள். இங்கே மேய்ப்பவள் நான்.

"ரெண்டு ஆபீஸும் ஒண்ணாயிடுச்சு. இனிமே ரெண்டு பேர் எதுக்கு?" என்றார் முதலாளி. "ஃபைல் எல்லாத்தையும் ஒரே டிஸ்க்குல போடுங்க. ஆளுங்க லிஸ்ட்டையும் ஒண்ணாக்குங்க. யாரை வச்சுக்கறதுன்னு அப்புறம் சொல்றேன்."

அவர் கையில் கணினி விற்பவர்களின் விளம்பரப் புத்தகம். புதிய வசதிகள் என்று பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். திறந்தால் போதும், எங்கோ இருக்கும் கோப்புறை தானாக எதிரே வந்து நிற்கும். வசதிகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு நாத்தனார் இருப்பதில்லை போலிருக்கிறது.

வீட்டில் என் கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "தங்கச்சி வேலை போனா எங்கம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. உன் வேலை போனா நீ பண்ணிடுவே."

"என் வேலை ஒண்ணும் போகாது," என்றேன். சொன்னேனே தவிர, அந்த இயந்திர அறையின் இரைச்சல் இல்லாத ஒரு பகலை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

யூனிக்ஸுக்கு ஆளின் பெயரெல்லாம் வெறும் அலங்காரம். கோப்பு யாருடையது என்று அது குறித்து வைப்பது எண்ணை மட்டும்தான். இங்கே முதல் ஆளாக என்னைச் சேர்த்து ஐந்நூறு என்று எண் கொடுத்துக்கொண்டவள் நான். அவளும் அங்கே அதையே செய்திருந்தாள். பின்னால் வந்தவர்களுக்கும் இரண்டு இடத்திலும் அதே வரிசைதான். ஒன்றாக்கும் முன் யாராவது ஒருத்தி தன் ஆட்களின் எண்களை மாற்றியாக வேண்டும்.

"நீ மாத்திடு," என்றேன்.

"நான் ஏன் மாத்தணும் அண்ணி? உங்களோடதுதானே பழைய லிஸ்ட்டு?"

'பழைய' என்பதை அவள் அழுத்திய அழுத்தத்தில் எங்கள் பேச்சு நின்றது. கடைசியில் அவள் மாற்றிவிடுவாள் என்று நான் இருந்தேன். நான் மாற்றிவிடுவேன் என்று அவள் இருந்தாள். இருவர் கோப்புகளும் அப்படியே ஒரே டிஸ்க்கில் ஏறின.

மறுநாள் காலை அலுவலகம் சந்தைக்கடையாகிவிட்டது. எங்கள் பொறியாளர் மருத்துவமனை வரைபடத்தைத் திறக்கப் போனால் அதே எண் கொண்ட எதிர் அலுவலகக் காசாளரின் குழந்தை திரையில் தவழ்ந்து வந்தது. காசாளரோ தன் குழந்தை படம் இருந்த இடத்தில் வரிசையாக மருத்துவமனைக் கழிப்பறைகள் இருப்பதாக அழாத குறையாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். எல்லாம் அவளால் வந்த வினை என்று அவள் கணக்கைப் பூட்டினேன். புதிய பட்டியல் எண்ணைப் பார்த்துப் பூட்டியது. ஐந்நூறு என்றால் நானும்தானே. என் திரையே எனக்கு அனுமதி இல்லை என்றது.

பூட்ட என் கணக்கே போதும்; திறக்கத் தலைமைக் கடவுச்சொல் வேண்டும். எங்கள் இருவரையும் நம்பாத முதலாளி அதை ஆளுக்குப் பாதியாகப் போடச் சொல்லியிருந்தார். அவள் பாதி எனக்குத் தெரியாது.

நாத்தனார் இயந்திர அறை வாசலில் வந்து நின்றாள். "என்னை வெளியில தள்ளிட்டீங்களா அண்ணி?"

"உன்னைத்தான் தள்ளினேன். நானும் சேர்ந்து விழுந்துட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, என் பாதியை நான் தட்ட அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தட்டும்போது நான் திருப்பிக்கொண்டேன்.

பூட்டு திறந்ததும் முதலாளி வந்துவிட்டார். "இது யார் பண்ணின வேலை? யாரால சரி பண்ண முடியும்? அவங்கதான் இனிமே இங்க இருப்பாங்க."

அவள்தான் எண்ணை மாற்றவில்லை என்று ஒரு வார்த்தை போதும். சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணி இல்லாம ஆகாது சார். இந்த ஆபீஸ் ஃபைல் எதுன்னு அவங்க பழைய காப்பியைப் பாத்தாத்தான் தெரியும்."

நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். வெட்கமாக இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. "அந்த ஆபீஸோடதை இவதான் சார் சொல்லணும்," என்றேன்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

இரண்டு நகல்களையும் ஒப்பிட்டு எண்ணை மாற்ற ஒரு சின்ன நிரல் போதும். ஒரு மத்தியான வேலை. அது அவளுக்கும் தெரியும் என்பது அவள் என் காலை மிதித்ததில் தெரிந்தது.

"லட்சக்கணக்கான ஃபைல் சார்," என்றேன்.

"சரி, பிரிச்சு முடிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க," என்று போய்விட்டார்.

மற்றவர்களை அன்று மத்தியானமே பிரித்துவிட்டோம். காசாளருக்குக் குழந்தையும் பொறியாளருக்குக் கழிப்பறைகளும் திரும்பக் கிடைத்தன. முதலாளி கேட்கும்போதெல்லாம், "இன்னும் முடியல சார்," என்கிறோம். அது பொய்யில்லை. ஐந்நூறாம் எண் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. அதில் விளம்பரப் புத்தகத்தில் போடாத ஒரு வசதியும் உண்டு: எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அவளை மட்டும் வெளியே பூட்ட முடியாது.