பிடிக்கும்போது முகத்தைத் திருப்பவும்

விளையாட்டு ஆசிரியர் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் படுத்துவிட, மூன்றாம் வகுப்பின் விளையாட்டு வகுப்பு கணக்கு டீச்சரின் தலையில் வந்து விழுந்தது. தலையில் வேறு எது விழுந்தாலும் டீச்சர் தாங்குவார். பந்து மட்டும் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்; எதிரில் பந்து கிளம்பியதுமே கண்ணை இறுக மூடி, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொள்வார். இந்த ரகசியம் தன் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வந்த நேரமும் சரியில்லை. அதற்கு முந்தின வாரம்தான் மூன்றாம் வகுப்புப் பந்து ஒன்று அலுவலக ஜன்னல் வழியாகப் புகுந்து, தலைமையாசிரியையின் காபி டம்ளரைக் கவிழ்த்து, மேசையிலிருந்த காகிதங்களுக்கெல்லாம் காபி கொடுத்துவிட்டுப் போயிருந்தது. அம்மாள் சும்மா விடுவாரா? எறியவும் தெரியாத, பிடிக்கவும் தெரியாத பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒரு கேடா என்று கேட்டார். வருகிற வெள்ளிக்கிழமை ஜோடி ஜோடியாக நிறுத்திப் பார்ப்பாராம். ஆளுக்கு ஐந்து தடவை எறிந்து, ஐந்து தடவை கீழே விடாமல் பிடிக்க வேண்டும். பாதிக்கு மேல் ஜோடிகள் தேறாவிட்டால் வெள்ளிக்கிழமை மூன்று மணி விளையாட்டு வகுப்பு ரத்து. அது கணக்கு வகுப்பாகிவிடும்.

கணக்கு டீச்சருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கூடுதலாக ஒரு வகுப்பு கொடுங்கள் என்று இரண்டு வருஷமாக நச்சரித்தவர் அவர். பிள்ளைகள் கதையோ வேறு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர்களில் பாதிப் பேர் வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆனாலும் எடுத்த வேலையை ஏனோதானோவென்று செய்கிற பிறவி இல்லை நம் டீச்சர். திங்கட்கிழமை கரும்பலகையில் கட்டம் போட்டு, படிப்படியாக எழுதினார். எறியும் கைக்கு எதிர்க்கால் முன்னால். முழங்கை பின்னால். பிடிக்கும்போது கைகள் முன்னால், கண் பந்தின் மேல், பந்து வந்ததும் நெஞ்சோடு அணைப்பு. பிள்ளைகள் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, மறுநாள் பரீட்சையும் எழுதினார்கள். இருபத்தொன்பது பேரில் இருபத்தேழு பேருக்கு முழு மதிப்பெண். பந்தைப் பிடிப்பதற்குப் பரீட்சை வைத்த ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருக்கும்.

அப்புறம் மைதானத்துக்கு அழைத்துப் போய், நான் எப்படிப் பிடிக்கிறேன் பாருங்கள் என்று தானே செய்தும் காட்டினார். அங்கேதான் வந்தது வினை. பந்து கிளம்ப வேண்டியதுதான், அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை இடப்பக்கம் திருப்பினார்கள். பந்துகள் தொப்பு தொப்பென்று விழுந்தன. கண்ணைத் திறங்கள் என்று டீச்சர் தொண்டை வற்றக் கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வாலு என்று எல்லாரும் கூப்பிடுகிற முன்பெஞ்சுப் பெண் மரியாதையாகக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், முகத்தைத் திருப்புறது கைய நீட்டுறதுக்கு முன்னாடியா, அப்புறமா? நீங்க அத மட்டும் எழுதிப் போடல. நாங்களே சேத்துக்கிட்டோம்."

நோட்டையும் நீட்டினாள். கடைசி வரியாக, அழகான கையெழுத்தில், 'பிடிக்கும்போது முகத்தை இடப்பக்கம் திருப்பவும்' என்று இருந்தது. இருபத்தொன்பது நோட்டிலும் இருந்தது. டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கு வகுப்பு கிடைக்கப்போகிற சந்தோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அதிலும் பிள்ளைகள் கேலி செய்யவில்லையே, நம்பியல்லவா செய்திருக்கிறார்கள்.

"அந்த வரிய அடிச்சிடுங்க," என்றார் டீச்சர். "அது பாடம் இல்ல. அது என் பயம்."

அன்று சாயங்காலம் வீட்டில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நின்றுகொண்டு, சுருட்டிய காலுறைகளைத் தன் மேல் எறியச் சொன்னார். பதினேழு வருஷமாக இதற்கே காத்திருந்தவர் போல எறிந்தார் கணவர். "மூக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்று வேறு கேட்டுக்கொண்டார். மறுநாளும் அதே கூத்து. வியாழக்கிழமை சாயங்காலம்தான், பறந்து வருகிற காலுறையில் ஓர் ஓட்டை இருப்பது டீச்சர் கண்ணில் பட்டது. ஓட்டை தெரிகிறதென்றால் கண் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தைக்கக்கூட மறந்து, மனுஷி சந்தோஷப்பட்டார்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் பதினான்கு ஜோடி. மிச்சமிருந்த வாலுவுக்கு டீச்சரே ஜோடி. ஆக பதினைந்து ஜோடி, எட்டு ஜோடியாவது தேற வேண்டும். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. என்றாலும் மூன்று நாள் பழக்கம் எவ்வளவு தூரம் வரும்? ஏழு ஜோடி தேறியது, ஏழு ஜோடி கோட்டை விட்டது. மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான்.

வாலு ஐந்தையும் பிடித்துவிட்டாள். டீச்சர் நான்கைப் பிடித்தார். இதை விட்டுவிட்டால் கணக்கு வகுப்பு நமக்கு என்று அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவேயில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஐந்தாவது பந்து நேராகத்தான் வந்தது. விரிந்த கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்தார். பந்து விரல்களுக்குள் வந்து, ஒரு வழுக்கு வழுக்கிக் கீழே விழுந்தது.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. வாலுதான் ஓடிவந்து பந்தை எடுத்தாள். "பரவால்ல டீச்சர். கண்ணு தெறந்துதான் இருந்துச்சு, நான் பாத்தேன்," என்றாள்.

தலைமையாசிரியை அட்டவணையை மடியில் வைத்து, வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் 'கணக்கு' என்று எழுதினார். டீச்சர் போய் எதிரில் நின்றார்.

"மேடம், கோட்டை விட்டது நான். தண்டனை இவங்களுக்கா?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கணக்கைத் தண்டனை என்று சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் எழுந்து நின்று சண்டை போடுகிறவர் ஆயிற்றே நம் டீச்சர்.

"கணக்கு தண்டனைன்னு நீங்களா டீச்சர் சொல்றீங்க?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். இருபத்தொன்பது பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை இவர்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாக வேண்டும். அது தெரிந்தேதான் சொன்னார்.

"ஆமா மேடம். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குத் தண்டனைதான்."