விசிலுக்குச் சாத்திய தெரு

எங்கள் தெருக் கிடங்குக்காரர் வளர்த்ததை நாய் என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கன்றுக்குட்டி உயரம், தடித்த கழுத்து, குரைக்காமலே வந்து பிடிக்கிற குணம். சங்கிலியை அறுத்துக்கொண்டு அடிக்கடி தெருவுக்கு வந்துவிடும். போய்ச் சொன்னால், "அது ஒண்ணும் பண்ணாதும்மா, விளையாடுது" என்பார். அது விளையாடிய தழும்பு தபால்காரரின் தொடையில் இன்னும் இருக்கிறது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், பிறகு கை கழுவினார்கள்.

கடைசியில் சலூன்காரர்தான் ஒரு வழி சொன்னார். கடைக்கு ஒரு விசில். நாயை யார் முதலில் பார்த்தாலும் நீளமாக ஊத வேண்டும். காதில் விழுந்ததும் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நாயைக் கட்டியபின் இரண்டு குட்டி விசில். அதுவரைக்கும் யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. யாரோ இரக்கப்பட்டுத் திறந்த கதவு வழியாகத்தான் அது ஒரு தடவை லாண்டரிக்குள் புகுந்து அமர்க்களம் செய்தது.

ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது, அதை மறைக்கவில்லை. குழந்தைகள் காப்பகத்துப் பொடிசுகள்கூட விசில் கேட்டால் பந்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடும், இரண்டு குட்டி விசில் கேட்டால் கத்திக்கொண்டு வெளியே பாயும்.

நானும் என் நாத்தனாரும் தையல் கடை வைத்திருக்கிறோம். அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். கைக்கும் வாய்க்கும் சேர்த்துத் தெரு அவளுக்கு வைத்த பெயர் கத்திரி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எரிந்து விழுவாள். வீட்டில் எங்களுக்குள் எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்ளும், துணியை விரித்துவிட்டால் மட்டும் சண்டை வராது.

அன்று மதியம், தைத்து முடித்த திரைச்சீலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சலூனுக்குக் கிளம்பினாள். சலூன் தெருவின் மறுகோடியில் இருக்கிறது.

"சீக்கிரம் வாடி, வெட்டவேண்டியது மலை மாதிரி கிடக்கு."

"நீங்க மெஷினை மிதிங்க அண்ணி, என்னை மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் அலறல் கேட்டது. கையில் இருந்த மரஸ்கேலோடு அப்படியே ஓடினேன்.

சலூனுக்கு முன்னால் நடுத்தெருவில் அவள் மண்டியிட்டிருந்தாள். நாய் அவளுடைய வலது முன்கையைக் கவ்விக்கொண்டு தலையை உதறியது. அது அவள் வெட்டுகிற கை. திரைச்சீலைகள் மண்ணில் கிடந்தன.

கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து உயிரைக் கொடுத்து ஊதினேன். நாலு பேர் வரட்டும் என்றுதான் ஊதினேன். ஊதி முடிப்பதற்குள் தடதடவென்று ஷட்டர்கள் இறங்கின. லாண்டரி, மருந்துக்கடை, காப்பகத்தின் இரும்புக் கேட். அலறல் கேட்டு, மதிய வெயிலுக்குப் பாதி இறக்கியிருந்த சலூன் ஷட்டரை மேலே தூக்கிக்கொண்டிருந்த ஒரு கை, என் விசிலைக் கேட்டதும் அதை அப்படியே கீழே இழுத்துவிட்டது. சொல்லிவைத்தபடி, ஒரு கடை பாக்கியில்லாமல், தெரு சாத்திக்கொண்டது.

ஐயோ என்று வயிற்றில் அடித்துக்கொள்ளக்கூட நேரம் இல்லை. ஸ்கேலால் நாயின் முதுகில் வெளுத்தேன். ஸ்கேல் முறிந்தது. அடி விழ விழ அது இன்னும் இறுக்கியது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதீங்க அண்ணி! சதை பிய்யுது!"

திரைச்சீலையை எடுத்து அதன் தலைமேல் போட்டு, மேலே விழுந்து அமுக்கினேன். கழுத்துப் பட்டை கையில் தட்டுப்பட்டது. முறிந்த ஸ்கேல் துண்டைப் பட்டைக்குள் செருகி, பலம் கொண்ட மட்டும் திருகினேன். மூச்சு முட்ட முட்ட அது துள்ளியது. நான் அழுதுகொண்டே திருகினேன். கடைசியில் வாய் திறந்தது. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"போடி! யார் கடைக்குள்ளயாவது போ!"

எங்கள் கடை வரைக்கும் நடக்க அவளால் முடியாது. ரத்தம் அப்படிக் கொட்டியது. சலூன் ஷட்டரை இடது கையால் தட்டினாள்.

"அண்ணா, திறங்கண்ணா! நான்தான், கத்திரி! கத்திரிண்ணா!"

அந்தப் பெயரை அவள் வாயால் அவளே சொன்னதை அன்றுதான் கேட்டேன். ஷட்டர் அசையவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மருந்துக்கடை அக்கா நின்று அழுதுகொண்டே, இரண்டு விரலை உதட்டில் வைத்து ஊதிக் காட்டினாள். நாயைக் கட்டியாச்சு என்று விசில் அடித்தால் திறக்கிறேன் என்கிறாள்!

"அண்ணி, விசிலைக் குடுங்க!"

"வேணாம்டி! ரெண்டு விசில் கேட்டா காப்பகத்துப் பசங்க வெளிய ஓடி வந்துடும். என் கை நழுவுது!"

அவள் காப்பகத்துக் கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தள்ளாடித் தள்ளாடித் திரும்பி வந்து, நாயின் பின்பக்கத்தில் மொத்த எடையையும் போட்டு உட்கார்ந்தாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"திட்டுங்க அண்ணி. தூங்கிடாம இருப்பேன்."

திட்டிக்கொண்டே இருந்தேன். என் தலையில் கட்டியிருந்த துணியை உருவி அவள் கையைக் கட்டலாம் என்றால், பட்டையை விட முடியாது. அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததைப் பார்த்தபடி திட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியே இல்லாமல் போனது. கிடங்குக்காரர் சங்கிலியோடு ஓடி வந்தபோது என் திட்டுக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை.

உயிர் பிழைத்தாள். விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாயை அதிகாரிகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு கை போகவேண்டியிருந்தது.

அவள் வீட்டுக்கு வந்தபின் சலூனில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஆள் விசிலைப் புகழ்ந்தார்கள். குழந்தைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, நல்ல ஏற்பாடு, மற்ற தெருக்களுக்கும் சொல்லலாம் என்றார்கள். எனக்கு நாக்கு துடித்தது. கத்திரி என் முழங்கையை அழுத்திவிட்டு எழுந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு உங்க ஷட்டரைத் தட்டுனது யாருன்னு தெரியுமா?"

சத்தத்தில் கேட்கவில்லை, பயத்தில் புரியவில்லை என்று அவர் சொல்லுவார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லட்டும் என்றுதான் அங்கிருந்த எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"தெரியும்மா" என்றார் சலூன்காரர். "நீ தட்டுறதை நிறுத்துற வரைக்கும் பூட்டுல கை வெச்சுக்கிட்டேதான் நின்னேன்."