நூற்று எண்பத்திரண்டு தோட்டாக்களைக் கழற்றிய சனிக்கிழமை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மோர் வரிசையில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். ஜெர்மனியில் ஊன்ட்றொப் கோயில் தேர்த் திருவிழா, நல்ல வெயில். எனக்கு முன்னால் நின்ற அக்காவின் வலது மணிக்கட்டில் மிளகு அளவில் மூன்று தழும்புகள். கோயில் சமையலுக்கு வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்து, பேச்சுக் கொடுத்தேன்.

"எண்ணெய் தெறிச்சிடுச்சா அக்கா?"

"இல்லைப் பிள்ளை, ஈயம். சன்னம் வார்க்கேக்கை தெறிச்சது."

சன்னம் என்றால் எனக்கு மெல்லிய அரிசிதான் தெரியும். என் முழியைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

"நீங்கள் இந்தியா என்ன? துவக்குக்குப் போடுற தோட்டா தெரியும்தானே? அதின்ரை தலைதான் சன்னம். கீழை இருக்கிற பித்தளைக் கூடு, கோது. சுட்டு முடிஞ்ச கோதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, துடைச்சு, வெடிமருந்து போட்டு, நான் வார்த்த சன்னத்தை மேலை வைச்சு அமத்துவன். திரும்பவும் தோட்டா. சிலர் பின்னல் பின்னுகினம், நான் இது."

அவர் பெயர் தேவமலர். ஐம்பத்து நான்கு வயது, எசனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நான் மதுமதி. டார்ம்ஸ்டாட்டில் ஒரு உலோகப் பரிசோதனைக் கூடத்தில், உடைந்த போல்ட்டுகள் ஏன் உடைந்தன என்று அறிக்கை எழுதுகிறேன். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுகிறேன்.

"இதைக் கதையா எழுதலாமா அக்கா?"

"எழுதுங்கோ. அனுப்புங்கோ. பொய் எழுதினால் ஃபோன் எடுப்பன்."

நான்கு முறை எடுத்தார்.

2.

நான் அனுப்பிய முதல் தொடக்கம் இது:

"போரில் தம்பியைப் பறிகொடுத்த ஒருத்தி, இரவு முழுக்க ஈயத்தை உருக்கிக்கொண்டு—"

"ஆர் இரவு முழுக்க உருக்கினது?" என்றார் தொலைபேசியில். "வேலையாலை வந்தால் நான் ஒன்பது மணிக்குப் படுத்திடுவன். சனி காலமை பத்து மணிக்கு, தோட்டத்துக் கொட்டிலுக்குள்ளை, கதவைத் திறந்து வைச்சு, கையுறை போட்டு உருக்கிறனான். ஈயப் புகை கூடாது. அதையும் எழுதுங்கோ, ஆரும் வாசிச்சிட்டுக் குசினிக்குள்ளை செய்யப் போகினம்."

எழுதிவிட்டேன் அக்கா.

இரண்டாவது தொடக்கம்: "ஈயத்துக்கு நினைவு உண்டு—"

இதை நானே நிறுத்திவிட்டேன். ஈயத்துக்கு உருகுநிலை உண்டு, முந்நூற்று இருபத்தேழு பாகை. நினைவு இருப்பதாக எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இதுவரை பதிவில்லை.

ஆகவே மூன்றாவது, அலங்காரம் இல்லாதது. ஆறு வருடங்களுக்கு முன் உடன் வேலை செய்யும் ஒரு ஜெர்மன்காரி தேவமலரைத் தன் துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு அழைத்துப்போனாள். இருபத்தைந்து மீட்டரில் ஒரு காகித வட்டம். மூச்சை வெளியே விட்டு, பாதியில் நிறுத்தி, விரலை மெல்ல இழுக்க வேண்டும். அந்த அரை மூச்சு நேரத்தில் தலைக்குள் யாருமே பேசுவதில்லை என்பதைத் தேவமலர் அன்று கண்டுபிடித்தார். அதற்காகவே போகத் தொடங்கினார். தன் ரிவால்வருக்கான தோட்டாக்களைத் தானே செய்ய ஆசை வந்தபோது வகுப்புக்குப் போனார். ஜெர்மன் மொழியில் தேர்வு. முதல் முறை தோல்வி, இரண்டாம் முறை வெற்றி. அரசு அனுமதிப் பத்திரம் வந்த அன்று கேக் வாங்கி முதியோர் இல்லம் முழுக்கக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "சோதனை பாஸ்" என்று மட்டும் சொன்னாராம்.

3.

இனி அண்ணன். இவரிடம்தான் நான் அதிகம் சறுக்கினேன்.

ஆனந்தராசா, அறுபத்தொரு வயது, ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. தங்கை வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறார். மனைவி இறந்த பிறகு சாப்பாடு கீழே தங்கையோடுதான். அனுமதிப் பத்திரம் வந்து, நிலவறையில் தோட்டா அமுக்கும் கருவியைப் பொருத்தியதிலிருந்து அவர் கீழே வருவதை நிறுத்திவிட்டார். தேவமலர் சாப்பாட்டை மாடிப்படியில் வைப்பார். மாலையில் பாத்திரம் கழுவித் துடைத்து அதே படியில் இருக்கும். எட்டு மாதம் ஒரு சொல் இல்லை.

என் முதல் வரைவில் ஆனந்தராசா மேசையை ஓங்கிக் குத்தினார். "பொம்பிளைக்கு ஏன் துவக்கு?" என்று கத்தினார். கதையில் எதிர்ப்பக்கம் ஒருவர் வேண்டுமே.

இரண்டாவது தொலைபேசி.

"அண்ணையை ஏன் இப்பிடி எழுதினனீங்கள்? அவர் ஒருநாளும் சத்தம் போட்டவர் இல்லை. யோகனைத் தூக்கினது அவர்தான், பிள்ளை."

யோகராசா இவர்களுடைய தம்பி. ஊரில் போர் நடந்தபோது, இருபது வயதில், மண்ணெண்ணெய் வாங்கப் போன இடத்தில் சூடு பட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. அண்ணன் அவனைச் சைக்கிளில் முன்னால் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை மிதித்தார். பாதி வழியில் தம்பியின் பாரம் கூடியது. அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மிதித்தார்.

[மேசையைக் குத்திய வரியை இங்கே எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் எதையும் வைக்கவில்லை.]

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்: "அப்படின்னா உங்களுக்கு மட்டும் எப்படி அக்கா முடியுது?"

 

"தெரியேல்லை. அது வேறை இது வேறை எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். வேறையோ எண்டு எனக்கே வடிவாத் தெரியாது. ஆனா நான் செய்யிற ஒவ்வொண்டும் எங்கை போய் நிக்கும் எண்டு எனக்குத் தெரியும். கடதாசியிலை. அது காணும், போதும் எனக்கு."

4.

மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை, வேலை விட்டு வந்து தேவமலர் நிலவறையில் இருநூறு தோட்டாக்கள் செய்துகொண்டிருந்தார். மருந்து போட்ட கோதுகளை வரிசையாகப் பலகையில் நிறுத்தி, சன்னம் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். அதுதான் முறை.

அண்ணன் தன் கார் டயர்களை எடுக்க நிலவறைக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"யோகனைக் கொன்றதைத்தான் நீ இஞ்சை இருந்து செய்யிறாய், மலர்."

கத்தவில்லை. சொல்லிவிட்டு, டயரைக்கூட எடுக்காமல் படியேறிப் போய்விட்டார்.

தேவமலர் அப்போதே கருவியை மூடிவைத்திருக்க வேண்டும். மனம் கலங்கியிருந்தால் இந்த வேலையைத் தொடக்கூடாது என்று வகுப்பில் முதல் நாளே சொல்லித்தந்திருந்தார்கள். வீம்பு. கண்ணைத் துடைத்துத் துடைத்து இருநூறையும் முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பயிற்சி. ஐந்து ஐந்தாகச் சுட்டார். பதினைந்து சரி. பதினாறு, பதினேழு சரி. பதினெட்டாவது, வெடிக்கவில்லை. சோடாப் போத்தல் திறந்ததுபோல் "டப்" என்று சின்னதாக ஒரு சத்தம். காது மூடியிருந்ததால் அவருக்கு அது உறைக்கவில்லை. விரல் அடுத்ததற்குப் போய்விட்டது.

"நிறுத்து!"

மேற்பார்வையில் இருந்த பென்ஜமின் கத்திய கத்தலில் வரிசை முழுவதும் துப்பாக்கிகளைக் கீழே வைத்தது. பென்ஜமின் ரிவால்வரை வாங்கி, வெறுமையாக்கி, குழலுக்குள் ஒரு பித்தளைக் கம்பியை விட்டார். பாதியில் நின்றது. சன்னம் நடுக்குழலில் அடைத்துக்கொண்டிருந்தது. மருந்தில்லாத தோட்டா; அடியில் இருக்கும் பொட்டு மட்டும் வெடித்துச் சன்னத்தைப் பாதிவரை தள்ளியிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும், அவர் கையோடு.

"கடையில் வாங்கினதா?" என்று ஒருவர் கேட்டார்.

[இந்த இடத்தில் நான் ஒரு பத்தி முழுக்க அவருடைய மனப்போராட்டத்தை எழுதியிருந்தேன். ஆம் என்று சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது, சங்கத்தில் ஒரே தமிழ்ப் பெண், பெயர் கெடாது, இப்படி. மூன்றாவது தொலைபேசியில் அந்தப் பத்தி போயிற்று. "போராட்டமும் இல்லை ஒண்டும் இல்லை. பொய் யோசிக்க நேரமில்லை."]

"நான் செய்தது," என்றார் தேவமலர். "மருந்து போட மறந்திருக்கிறேன். இன்னும் எத்தனையில் மறந்தேன் என்று தெரியாது."

பென்ஜமின் கம்பியை உருவி மேசையில் வைத்தார். பிறகு, "எனக்கு ஒருமுறை நானூறு இருந்தது," என்றார். "இரண்டு நாள் ஆனது."

அதாவது, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

5.

மிச்சம் நூற்று எண்பத்திரண்டு. "தராசுல வெச்சுப் பாத்தா எது லைட்டா இருக்குன்னு தெரிஞ்சிடாதா அக்கா?" என்று நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். ஏலாதாம். கையால் வார்த்த சன்னங்களின் எடை ஒன்றுக்கொன்று கூடிக் குறையும். அந்த வித்தியாசத்துக்குள் மருந்தின் எடை ஒளிந்துகொள்ளும்.

அடுத்த சனிக்கிழமை காலை தொடங்கினார். சுத்தியல் போன்ற ஒரு பிளாஸ்டிக் கருவி, அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டி, மரக்குற்றியில் தட்ட வேண்டும். மூன்று தட்டு, சிலதுக்கு ஆறு தட்டு. சன்னம் கழன்று விழும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் எழுப்பக் கூடாது; தட்டினால் பக்கத்து வீட்டுக்காரி காவல்துறையைக் கூப்பிடுவாள். அன்றே முடித்தாக வேண்டும். நாற்பதாவதில் மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது.

கதவில் அண்ணன்.

"என்ன இடிக்கிறாய்? மேலை இருக்க ஏலாமக் கிடக்கு."

"கழட்டிறன் அண்ணை."

"என்னத்தை?"

"எல்லாத்தையும்."

"நான் சொன்னதுக்காகவோ?"

"இல்லை. நான் பிழை விட்டிட்டன்." ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னார். குழலுக்குள் அடைத்தது, பென்ஜமின் கத்தியது, எல்லாம்.

ஆனந்தராசா உள்ளே வந்து தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"உனக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை."

"கழட்டிறதெண்டால் நானும் இருக்கிறன்."

"மருந்தை நீங்கள் தொடக்கூடாது. அனுமதி எனக்கு மட்டும்தான். தோட்டாவும் தொடக்கூடாது. கழண்டு விழுகிற சன்னத்தை எடுத்து வாளியிலை போடலாம். அது வெறும் ஈயம். கையுறை போடுங்கோ."

தண்ணீர்ப் போத்தல் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். முதல் சன்னத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு பாரமோ," என்றார்.

இங்கே அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். நான்காவது தொலைபேசி.

"அழேல்லைப் பிள்ளை. எண்ணினார். ஒவ்வொண்டாப் போட்டு, நாப்பத்தொண்டு, நாப்பத்திரண்டு எண்டு சத்தமா எண்ணினார். எனக்கு அது பெரிய உதவி. நான் எண்ணத் தேவையில்லை, தட்டினால் காணும்."

தொண்ணூறில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். மேலே வந்து கை கழுவினார்கள், ஈயம் தொட்டால் இரண்டு முறை கழுவ வேண்டும், தேவமலர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். இடியப்பமும் சொதியும் இருந்தன. ஆனந்தராசா சமையலறை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். இருவரும் யோகனைப் பற்றிப் பேசினார்களா என்று கேட்டேன். தேவமலர் சொதியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் எனக்கும் தெரியாது.

[நூற்று நாற்பத்தொன்றாவது தோட்டாவுக்குள் மருந்து இல்லை, அண்ணன் அதை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார் என்று ஒரு வரைவில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பத்தி. ஆனால் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. நூற்று எண்பத்திரண்டிலும் மருந்து இருந்தது.]

மாலை ஐந்து மணிக்கு நூற்று எண்பத்திரண்டு சன்னங்களும் வாளிக்குள் இருந்தன.

"எல்லாத்திலையும் சரியாத்தானே இருந்தது," என்றார் ஆனந்தராசா. "பின்னை ஏன் இவ்வளவு பாடுபட்டனீ?"

"கழட்டிப் பாக்காமல் தெரியாதே அண்ணை."

அவர் கையுறைகளைக் கழற்றினார்.

"ஓம்," என்றார். வாளியை அவரே தூக்கிக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தார்.

6.

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன.

அ) தேவமலர் கருவியை விற்றுவிட்டுப் பின்னல் பழகுகிறார். (அவரிடம் சொல்லவே பயந்தேன்.)

ஆ) ஆனந்தராசா சங்கத்தில் சேர்ந்து, முதல் சூட்டிலேயே நடு வட்டத்தை— இல்லை. எழுதும்போதே கூசுகிறது.

இ) இருவரும் அந்த ஈயத்தை உருக்கிக் கடலில்— எசனில் கடல் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் தேவமலர் அந்த ஈயத்தைத் திரும்ப உருக்கிச் சன்னங்கள் வார்த்தார். முதலில் பத்து தோட்டா மட்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு முறை விளக்கடித்துப் பார்த்தார். நடுவில் ஒருநாள் வேலையிடத்து எரிச்சலோடு நிலவறைக்குப் போனவர், கதவைப் பூட்டிவிட்டு மேலே வந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது குரலில் தேர்வில் வென்ற பெருமை. சாப்பாட்டுப் பாத்திரம் இப்போது மாடிப்படிக்குப் போவதில்லை.

நேற்று அவருக்கு வட்டாரப் போட்டி. மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது, கார் ஓட்டிக் கையைக் களைப்பாக்கக் கூடாது. அண்ணனிடம் அவர் கேட்கவில்லை. அண்ணனே காலையில் சாவியோடு கீழே வந்து நின்றாராம்.

போட்டி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது எனக்குத் தொலைபேசி வந்தது. ஐந்தாவது. இம்முறை நான் எந்தப் பொய்யும் அனுப்பியிருக்கவில்லை.

"பிள்ளை, வந்திட்டம். நான் வாசல்லை நிக்கிறன். அண்ணை காருக்குள்ளை இருக்கிறார்."

"உள்ள வருவாரா அக்கா?"

"தெரியேல்லை. கேக்கவும் இல்லை. இஞ்சை வெளியிலையே வெடிச் சத்தம் கேக்குது. பாவம்."

"நான் என்னன்னு எழுதட்டும்?"

"நான் உள்ளை போகோணும், கூப்பிடுகினம். நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம். வாசிக்கிற ஆக்கள் பாத்துக்கொள்ளட்டும்."

ஆகவே அவர் சொன்னபடி இதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனந்தராசாவை இறக்கி நடக்கவிடுவதோ, காருக்குள்ளேயே வைத்துத் தங்கைக்காகக் காத்திருக்கவிடுவதோ உங்கள் விருப்பம். ஒன்று மட்டும், தொலைபேசியை வைக்கும் முன் தேவமலர் சொன்னது:

"கனநேரமா எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருந்தவர். இப்பதான் நிப்பாட்டினார்."